உப்புத்தாள் போட்ட ஓட்டை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாற்காலியைத் தேய்க்கச் சொன்னாள் என் மனைவி. விழுப்புரம் கடைவீதியில் உப்புத்தாள் வாங்கிவந்தேன். தேய்ப்பதைவிடத் தேய்ப்பவர்களைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம் என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன். (அந்த நாற்காலியில் இல்லை. அது குத்தும்.)

2.

'1996இன் இளங்காலையில், தேக்கின் நறுமணம் காற்றில் மிதந்து...' வேண்டாம். என் கதாநாயகன் அன்புச்செல்வன் தும்மிவிடுவான்.

மறுபடி. திண்டிவனம் பக்கம் ஒரு மாதா கோயிலுக்குப் புதிதாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டி, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் மரக்கூண்டு, செய்கிறார்கள். நடுவே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் வைத்த மரத்தடுப்பு. சாமியார் உட்காரும் பக்கம் தச்சன் அன்புச்செல்வன். பாவிகள் முட்டிபோடும் பக்கம் பாலிஷ் வேலைக்கு வந்த பவுலின். உப்புத்தாளைச் சுருட்டி, தடுப்பின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பவுலினைப் பெண் பார்க்க செஞ்சியிலிருந்து வருகிறார்கள். அதற்குள் அன்பு அவளிடம் கேட்டாக வேண்டும். நேரில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நடுவில் தடுப்பு இருந்தால்—

[இப்படிக் கூச்சப்படும் ஆம்பளை உண்டா என்று மனைவியிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாற்காலி என்னாச்சு என்றாள்.]

3.

அவன் கேட்கவில்லை. அவள் முகத்துக்கு நேராக இருந்த ஓட்டையை மட்டும் காலையிலிருந்து முரட்டுத் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் பார்த்தால், மற்ற ஓட்டைகளில் விரல்தான் நுழையும். இதில் கொய்யாப்பழம் போகும். பாவம் சொல்பவரின் முகம் சாமியாருக்குத் தெரிந்தால், அப்புறம் ஊரில் ஒருத்தருக்கும் பாவமே இருக்காது.

"இன்னாங்க, ஒரே ஓட்டையத் தேச்சிக்கினே இருக்கீங்க?"

"வழவழன்னு வரட்டும்னு."

"நல்லா வந்துச்சி. சாமியாரு தலையே இந்தப் பக்கம் வந்துடும்."

அவள் சிரித்த தைரியத்தில் கேட்டுவிட்டான். எப்படிக் கேட்டான் என்று மூன்று விதமாக எழுதி அடித்தேன். மூன்றிலும் என்னைவிட நன்றாகப் பேசினான், எனக்குப் பொறுக்கவில்லை. சுருக்கம் இதுதான்: செஞ்சிக்காரர்கள் வருவதற்குள் எங்கம்மாவை உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?

4.

முடிவு அ: சரி என்றாள். (இவ்வளவு வழவழப்பு ஆகாது.)

முடிவு ஆ: செஞ்சி மாப்பிள்ளைக்கு மீசை நன்றாக இருந்த— (மேலே எழுதக் கையே ஓடவில்லை.)

முடிவு இ: வெளியே சாமியாரின் செருப்புச் சத்தம். அன்பு ஓட்டையை மறைக்க அவசரமாக ஒரு மரத்துண்டை எடுக்கிறான். பவுலின் அந்தப் பக்கத்திலிருந்து தடுக்கிறாள்.

"இருங்க. அடைக்கறதுக்கு முன்னாடி, மூஞ்சியக் காட்டி இன்னொரு தபா கேளுங்க."

அன்பு குனிந்து, ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்து, கேட்கிறான்.

பவுலின் வாயைத் திறக்கிறாள். அவள் சொல்லப்போவதை நான் எழுதமாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் ஜல்தி, சாமியார் படியேறிவிட்டார்.