வரம்பு ஏறிய நல்ல சேதி

1

இந்தக் கதை எனக்கு வீட்டுவசதி அலுவலக வரிசையில் கிடைத்தது. ‘ஒரு யுகத்தின் ஓலம் என் செவியில் விழுந்தது’ என்று எழுதத்தான் ஆசை. விழுந்தது முன்னால் நின்ற பெண்ணின் முழங்கை, என் விலாவில்.

“மன்னிச்சுக்கங்க அண்ணே, பயத்துல கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

தொடக்கம், முதல் முயற்சி: நகரத்தின் வானம் சாம்பல் பூத்து—

(வேண்டாம். ஜன்னலே இல்லாத அலுவலகம். அங்கே வானத்துக்கு என்ன வேலை?)

2

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஒரு மகள். குடியிருப்பது ஒரே அறை. கட்டிலை நகர்த்தினால்தான் ஃபிரிட்ஜ் திறக்கும். மகளுக்குக் காய்ச்சல் வந்தால், உள்ளே இருக்கும் மருந்தை எடுக்கக் காய்ச்சல்காரியையே எழுப்பி நிற்க வைக்க வேண்டும்.

மலிவு வாடகை வீட்டுக் குலுக்கலில் அவள் பேர் விழுந்தது. இரண்டு அறை, நடுவில் கதவு. வருமானம் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. தாண்டிவிடுமோ என்ற பயத்தில், முதலாளி தானாகக் கூப்பிட்டுக் கொடுத்த பொறுப்பாளர் வேலையையே தள்ளிவிட்டாள்.

“எனக்கெதுக்கு சார் அதெல்லாம்? நெட்டைக்குக் குடுங்க.”

நெட்டை என்பவள் பக்கத்து மெஷின்காரி. இருவருக்கும் ஆகாது. இப்போது இவள் லீவு கேட்பது அவளிடம்தான்.

3

(கவுன்ட்டர் அதிகாரியை முதலில் கொடூரனாக எழுதினேன். மீசைகூட வைத்தேன். உண்மையில் அங்கே இருந்தது இருமல் மாத்திரை சப்பிக்கொண்டிருந்த ஒரு நல்ல மனுஷி. கதைக்கு எவ்வளவு இடைஞ்சல்!)

“நல்ல சேதிம்மா. வரம்பை உயர்த்திட்டாங்க.”

“அப்பாடா. அப்போ எனக்குப் பிரச்சினை இல்லையே மேடம்?”

“வரம்பை வச்சுத்தானே வாடகை? அதுவும் ஏறிடுச்சு. அந்த வாடகையைக் கட்ட இவ்வளவாவது சம்பாதிக்கணும்னு கீழேயும் ஒரு வரம்பு இருக்கு. நீங்க அதுக்குக் கொஞ்சம் கீழே.”

“போன வாரம் வரைக்கும் கூடிடுமோன்னுல்ல பயந்தேன்?”

“இப்போ குறைஞ்சிடுச்சு.”

“நான் நின்ன இடத்துலயேதான் மேடம் நிக்கிறேன்!”

“வெள்ளிக்கிழமைக்குள்ள சம்பளம் கூடினதா கடையிலேர்ந்து கடிதம் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா வீடு அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

(பக்கக் குறிப்பு: அவர் தலைக்கு மேலே ஒரு சுவரொட்டி. ‘இன்னும் அதிகம் பேருக்கு வாய்ப்பு!’ படத்தில் ஒரு குடும்பம் சாவியைப் பார்த்துச் சிரிக்கிறது. சாவி யார் கையிலும் இல்லை.)

4

மாடிப்படியில் என் பக்கத்தில் நின்று போன் போட்டாள்.

“அக்கா...”

“யாருடி அது, புதுசா அக்கா?” நெட்டையின் குரல் படி முழுக்கக் கேட்டது.

“துணைப் பொறுப்பாளர் இடம் ஒண்ணு காலியா இருக்குல்ல. முதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா...”

“ஏன், பொறுப்பு பிடிக்காத ஆளாச்சே நீ? எனக்குப் பிச்சை போட்டதா கடை பூரா பேச்சு.”

“ஐயோ, வீட்டுக்காகத்தான்க்கா வேண்டாம்னேன். இப்போ கேக்கிறதும் வீட்டுக்காகத்தான்.”

“என்ன வீடுடி அது, ஆளைக் குட்டிக்கரணம் போட வைக்குது? யோசிச்சுச் சொல்றேன்.”

5

முடிவு, அ: நெட்டை முதலாளியிடம் பேசுகிறாள். கடிதம் வருகிறது. இரண்டு அறைக்கு நடுவில் மகள் கதவைத் திறந்து, மூடி, திறந்து—

முடிவு, ஆ: நெட்டை யோசித்துக்கொண்டே இருக்கிறாள். கட்டிலை நகர்த்துகிறார்கள்.

எழுத்தாளருக்கு அந்த வரிசையில் என்ன வேலை என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. போன வாரம் வரை என் வருமானம் வரம்புக்குச் சற்று மேலே. வரம்பு ஏறியதும் நான் உள்ளே வந்துவிட்டேன். ‘இன்னும் அதிகம் பேர்’ என்பது நான்தான். குலுக்கல் பட்டியலில் அவளுக்கு அடுத்த எண் என்னுடையது.

போனை மூடிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். “நெட்டை செய்வாளா அண்ணே? உங்களுக்கு என்ன தோணுது?”

“செய்வாங்கம்மா” என்றேன். சொல்லும்போது—

முடிவு ‘அ’வில் பேனா நொண்டுகிறது. ‘ஆ’ வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. என்னை நம்ப வேண்டாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. என்னிடமிருந்து பேனாவை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் பட்டியலில் உங்களுக்கும் ஒரு எண் இல்லையென்றால்.