பிசிறு வெட்டிய ஆர்க்கிட்

சிவசங்கரியின் கை சும்மா இருக்காது. எங்கே நூல் தொங்கினாலும் கத்தரித்துவிடும். கணவர் பலராமன் நெய்து இறக்கும் பட்டுச்சேலையில் பிசிறு வெட்டுவது இருபது வருஷமாக அவள் வேலை. கண்ணமங்கலம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் ரவிக்கை நூலை வெட்டப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவள் வேறு.

அப்படிப்பட்டவளை நம்பித்தான் எதிர்வீட்டு திரிசலா ஒரு ஆர்க்கிட் தொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். திரிசலா கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். அது மலைமேல் மழைக்காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளரும் இனம். காட்டில் மிச்சமிருப்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஆய்வுத் தோட்டம் விதையிலிருந்து வளர்த்து, சமவெளியில் பிழைக்குமா என்று பார்க்க, திரிசலாவையும் சேர்த்து ஐந்து பேருக்கு ஆளுக்கொன்று கொடுத்திருந்தது. நாலு செடி பட்டுப்போய்விட்டது. திரிசலாவுடையதும் சித்திரை வெயிலில் சுருண்டுகொண்டிருந்தது.

“உங்க தறி ரூம்தான் ஜில்லுனு இருக்கு சங்கரி. வெயில் தணியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

பட்டு காய்ந்தால் இழை அறுந்துபோகும் என்று தறிக்குழியைச் சுற்றி எந்நேரமும் ஈரச்சாக்கு கிடக்கும். செடிக்கு அந்த இடம் பிடித்துப்போனது. பதினைந்தே நாளில் இலை நிமிர்ந்தது. அதோடு நில்லாமல், தொட்டிக்கு வெளியே வெள்ளை வெள்ளையாக நூல் விட ஆரம்பித்தது. சிவசங்கரிக்குத் தாங்குமா? ஒரு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து ஒன்றுவிடாமல் வெட்டி, செடி பளிச்சென்று இருப்பதைக் கண்டு தன்னையே மெச்சிக்கொண்டாள்.

சாயங்காலம் வந்த திரிசலா தொட்டியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இதுல தொங்கிகினு இருந்ததெல்லாம் எங்க?”

“பிசிறா? சுத்தமா வெட்டிட்டேன் டீச்சர்.”

“அது வேரு சங்கரி. காத்துலேந்து தண்ணி குடிக்கிற வேரு.”

சிவசங்கரிக்கு அப்போதுதான் உறைத்தது. செடியைப் பிடுங்கவேண்டி வருமே என்று உருளைக்கிழங்குகூடச் சமைக்காத ஜைன வீட்டுப் பெண்ணிடம், வேரை வெட்டியதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்! திரிசலா திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

அன்றிலிருந்து சிவசங்கரி மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தாள், விசிறியால் வீசினாள். “எனக்கு ஒருநாளாவது இப்படி விசிறிகீறியா?” என்று பலராமன் கேட்டார். ஒன்றரை மாதம் கழித்துப் பச்சையாக ஒரு மொட்டு தலைகாட்டியது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, திரிசலாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

“பாருங்க டீச்சர், மொட்டு வுட்டுகினு கீது. என்னிய மன்னிச்சிடுச்சி!”

திரிசலாவின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. “வேர் போதாத செடி சங்கரி. இருக்கிற தெம்பையெல்லாம் பூவுக்குக் குடுத்துட்டு செத்துப்போயிடும். மொட்டைக் கிள்ளிட்டா பொழைக்கலாம்.”

“ஒரே ஒரு நாளு பூத்துட்டு போவட்டுமே டீச்சர்?”

அந்தப் பூவைத் திரிசலாவும் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். மொட்டை விரலிடுக்கில் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினாள். வெட்டியது தன் கை, தண்டனை இந்தச் செடிக்கா என்று சிவசங்கரி அழுதேவிட்டாள்.

திரிசலா எழுந்து வாசலுக்குப் போனாள். சிவசங்கரி தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

“டீச்சர், செடி! வெயிலுதான் கொறஞ்சி போச்சே, எட்த்துகினு போங்க.”

“வேணாம், உங்கிட்டயே இருக்கட்டும். இவ்ளோ பயந்து பயந்து இதை வேற யாரு பாத்துப்பாங்க?”

சிவசங்கரிக்கு அழுகை இன்னும் பலமாக வந்தது.