எக்ஸ்ரே அறையில் ஐந்து நிமிடம்

உகாண்டாவில், எங்கள் மசாகா ஆஸ்பத்திரியில் புதன்கிழமை இதய நோயாளிகளின் நாள். வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு, அதில் பதினான்கு பேர். பதினைந்தாவதாக வருகிறவர் ஒவ்வொருவரிடமும் எப்படி விடிந்தது, வீட்டில் எப்படி, தோட்டத்தில் எப்படி என்று விசாரித்து, ஒரு "ம்ம்" சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு "ம்ம்" வாங்கிய பிறகுதான் உட்காருவார். விசாரிக்காமல் உட்கார்ந்தவனுக்கு இந்த ஊரில் பெண் கிடைக்காது. இந்த விசாரணைக்கு நடுவில்தான் சிஸ்டர் நம்பூசி கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்ப்பார். நான் மருத்துவக் கல்லூரி நான்காம் ஆண்டு. நோட்டில் எண்ணை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. அதற்கு மேல் தர அவர்களுக்குத் துணிவில்லை.

டாக்டர் கவூமா கம்பாலா மாநாட்டிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரையோடு திரும்பியிருந்தார். வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான பேரை வைத்துச் செய்த ஆய்வு. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை நூற்றிருபதுக்குக் கீழே கொண்டுவந்தால் மாரடைப்பு குறைகிறது, சாவு குறைகிறது. போன வருடம் மட்டும் ஏழு நோயாளிகளைப் புதைத்தவர் அவர். ஏழு வீட்டுக்கும் துக்கத்துக்குப் போனவரும் அவர்தான். ஆகவே ஆசையோடு நம்பினார். கட்டுரை பன்னிரண்டு பக்கம். அவர் முதல் பக்கத்தைப் பலமுறை படித்திருந்தார்.

அந்தப் புதன்கிழமை சலோங்கோவுக்கு நூற்றைம்பத்திரண்டு காட்டியது. இரட்டைப் பிள்ளைகளின் அப்பா என்பதால் ஊரே அவரைச் சலோங்கோ என்றுதான் அழைக்கும். வயது அறுபத்தொன்று, ஒரு மாரடைப்பு ஆகிவிட்டது, தொழில் கூரைக்குத் தகரம் அடிப்பது. டாக்டர் ஏற்கெனவே இருந்த மூன்று மாத்திரைகளோடு நான்காவதை எழுதிக் கொடுத்தார்.

சலோங்கோ சீட்டை வாங்கிக்கொண்டு சிஸ்டரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். போன வெள்ளிக்கிழமை தேவாலயக் கூரையில் தகரத்தோடு எழுந்து நின்றபோது உலகம் இருட்டிவிட்டதாம். உத்தரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உலகம் திரும்பி வரும்வரை காத்திருந்தாராம்.

"டாக்டர் கிட்ட சொல்லிடாதம்மா. ஏறாதேன்னுடுவார். மழைக்கு மூணு வாரந்தான் இருக்கு, கூரை பாதியில நிக்குது."

சிஸ்டர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மருந்து வாங்காமல் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, டாக்டரிடம் போய்க் கட்டுரையை இரவல் கேட்டார். மதிய இடைவேளையில், தட்டில் மட்டோக்கே வாழைக்காய் மசியல் ஆறிப் போக, மீதிப் பதினொரு பக்கத்தையும் படித்தார். பொடி எழுத்துகளைக்கூட விடவில்லை. எட்டாம் பக்கத்தில் நிலக்கடலைக் குழம்பின் துளி ஒன்று விழுந்திருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை எட்டாம் பக்கத்தை எட்டியவர் வேறு யாருமில்லை என்பதற்கு அது சாட்சி.

பிறகு என்னைக் கூப்பிட்டார். ஆய்வுக்குள் யாரையெல்லாம் சேர்க்கவில்லை என்ற பட்டியல் அந்தப் பக்கத்தில் இருந்தது.

"கிஸ்ஸா, இப்ப நீதான் வாசல் காவல்காரன். இதுல இருக்கிற யாரையும் உள்ள விடாத."

நோட்டைப் புரட்டினேன். சர்க்கரை உள்ளவர் வெளியே. பக்கவாதம் வந்தவர் வெளியே. இதயம் தளர்ந்து கால் வீங்கியவர் வெளியே. அன்றைய ஐம்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேரை வெளியே அனுப்பினேன். சர்க்கரைக்காக சிஸ்டரையும் அனுப்பினேன். "நல்லாத்தான் காவல் காக்கிற" என்றார்.

சலோங்கோ மற்ற வரிகளையெல்லாம் தாண்டிக் கடைசி வரியில் நின்றார். எழுந்து நிற்கும்போது மேல் எண் நூற்றுப்பத்துக்குக் கீழே போகிறவரைச் சேர்க்கவில்லை. அளந்த விதமும் அதே பக்கத்தில் இருந்தது: அமைதியான அறை, தனியாக ஐந்து நிமிடம், யாரும் பேசக் கூடாது, கருவி தானாக மூன்று முறை அளக்க வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மிக அமைதியான அறை பிணவறை. இதய நோயாளியை அங்கே உட்காரவைத்தால் எண் சரியாக வராது. அடுத்தது எக்ஸ்ரே அறை: தடித்த சுவர், இரண்டு வருடமாகக் கெட்டுக் கிடக்கும் இயந்திரம். சலோங்கோவை அங்கே அமர்த்தி, கையில் பட்டையைச் சுற்றிக் கதவைச் சாத்தினோம்.

மூன்றாம் நிமிடம் எட்டிப் பார்த்தேன். அவர் என்னை நலம் விசாரித்தார். நானும் ஒழுங்காக வளர்க்கப்பட்ட பிள்ளை, பதில் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறை நான்காம் நிமிடத்தில் அவரே பட்டையோடு வெளியே வந்துவிட்டார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறீங்க. சாகப் போறேன்னா நேராச் சொல்லிடுங்க."

பேராசிரியர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். சிஸ்டர் அடுத்துச் செய்தது அவர்களில் யாருக்கும் தோன்றியிருக்காது. உள்ளே நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கான விசாரிப்பையும் முன்கூட்டியே செய்து முடித்தார். இரவு, மனைவியின் முழங்கால், இரட்டையர், காப்பிச் செடி, ஆடு, பக்கத்து வீட்டுத் துக்கம், கூரை. என் கடிகாரப்படி பதினொரு நிமிடம்.

"இனிமே நமக்குள்ள கேக்க ஒண்ணும் மிச்சமில்லை ஐயா. இருந்தா இப்பவே கேட்டுடுங்க."

அவர் யோசித்தார். "உங்க அண்ணன் கால்?"

"ஆறிடுச்சு."

"ம்ம்."

"ம்ம்."

கதவு சாத்தப்பட்டது. நூற்றிருபத்தெட்டு, நூற்றிருபத்தாறு, நூற்றிருபத்தேழு. எழுந்து நிற்கச் சொல்லி அளந்தபோது நூற்று நான்கு. அவர் கை சுவரைத் தேடியது.

சிஸ்டர் நோட்டையும் எட்டாம் பக்கத்தையும் டாக்டர் முன் வைத்து, கூரை மேல் உலகம் இருட்டியதையும் சொல்லிவிட்டார். சலோங்கோ அவரைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை.

டாக்டர் நெடுநேரம் படித்தார். "அப்ப இந்த ஆய்வு தப்புங்கறீங்களா சிஸ்டர்?"

"நல்ல ஆய்வு டாக்டர். யாரை விடலன்னு ஒளிக்காமச் சொல்லியிருக்காங்க பாருங்க, எவ்வளவு நேர்மை. ஆனா இவர் அதுக்குள்ள இல்ல. பேசிக்கிட்டே அளக்கிற நம்ம பெஞ்சும் இல்ல."

ஒரு டாக்டர் தன் சீட்டைத் தானே கிழிப்பதை அன்றுதான் பார்த்தேன். கவூமா கிழித்தார், கிழித்ததோடு நிற்காமல், சிறுநீர் பிரிக்கும் மாத்திரையைப் பாதியாக்கினார். பத்து நாள் கூரை ஏறக் கூடாது, அடுத்த புதன்கிழமை இதே அறையில் அளந்துவிட்டுத்தான் பேச்சு என்றார். சிஸ்டருக்கு நன்றியும் சொன்னார், எங்கள் முன்னாலேயே.

அடுத்த புதன்கிழமை நின்றபோது நூற்றுப்பதினெட்டு. கை சுவரைத் தேடவில்லை.

மழைக்கு இரண்டு நாள் முன்பு தேவாலயத்தைக் கடந்து போனேன். உச்சியில், இடுப்பில் கயிறு கட்டி, கடைசித் தகரத்தோடு சலோங்கோ நின்றிருந்தார். பேச்சுக் கொடுத்தால் அழுத்தம் ஏறும் என்று, அறிவியலின் பொருட்டு, தலை குனிந்து நடந்தேன்.

"ஏன் தம்பி," மேலிருந்து குரல் வந்தது, "இன்னிக்கு யாருக்கும் விடியலையா?"

நின்றேன். இரவைப் பற்றிக் கேட்டேன், முழங்காலைக் கேட்டேன், ஆட்டைக் கேட்டேன். அவர் சுத்தியலைக் கீழே வைக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒருமுறைகூட உத்தரத்தைப் பிடிக்கவில்லை.