மழை இல்லாத வாசல்

செருப்பு இரண்டையும் இடது கையில் சேர்த்துப் பிடித்திருந்தாள், ஒன்றின் வார் அறுந்து தொங்கியது, சிமெண்டுப் படியில் வெறுங்காலை ஊன்ற முடியாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள், வெயில் அப்படி, கத்திரி தொடங்கி மூன்றாம் நாள், இதை நான் திரையில்தான் பார்த்தேன் என்று இன்று காலை பதினொன்றே முக்கால் வரைக்கும் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்திருப்பேன், என் ஞாபகத்தைச் சந்தேகித்தவர் இந்த ஊரில் கிடையாது, எங்கள் குடும்பத்தில் ஞாபகம் என்பது நிலபுலம் மாதிரி வழிவழியாக வருவது, என் அப்பாவுக்கு ஏழு தலைமுறைப் பெயர்களும் மூச்சுவிடாமல் வரும், எனக்குக் காட்சிகள் வரும், எந்தப் படத்தில் எந்த அறையில் கடிகாரம் எத்தனை மணி காட்டியது என்று கேட்டால் சொல்வேன், அதனால்தான் பதினோரு வருஷமாகக் கோவில்பட்டித் திரைப்பட வட்டத்தின் தலைவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கல்யாண மண்டபத்து மாடியில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டுவோம், பந்தி மேசைகளைச் சுவரோரம் அடுக்குவோம், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் டைட்டஸ் புரொஜெக்டரோடு வருவான், படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு நாற்காலிகளை வட்டமாகத் திருப்பி ஆளுக்கொரு கருத்துச் சொல்லவேண்டும், காட்சியில் இன்னது இருந்தது, இல்லை என்று தகராறு வந்தால் டைட்டஸ் அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் காட்டுவான், தோற்றவருக்கு வாய்ப்பூட்டு, அதாவது அடுத்த மாதம் வந்து படம் பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஆவுடையப்பன் வருஷத்தில் பாதி மாதங்கள் பூட்டில்தான் இருப்பார், எனக்கு ஒருமுறைகூட விழுந்ததில்லை, அண்ணாச்சி சொன்னா அது படத்துல இருக்கும் என்பார்கள், அந்தச் சொல்லை நான் சட்டைப்பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு திரிந்தேன். இருட்டில் உட்கார்ந்து பிறர் வீட்டுக் கதவுகள் திறப்பதையும் மூடுவதையும் பார்ப்பது எனக்கு வேண்டியிருந்தது, ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

இன்றைய படம் புதிது, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட பெண் ஒருத்தி கொட்டுகிற மழையில் அப்பா வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிறாள், அப்பா திறக்கவில்லை, கதவுக்கு உட்புறம் சாய்ந்து உட்கார்ந்து அழுகிறார், விடியும்போது திறக்கிறார், வாசல் காலி. ஆவுடையப்பன்தான் ஆரம்பித்தார், நம்ம ஆளுங்க படத்துல பொண்ணு வீட்ட விட்டுப் போயித் திரும்பி வந்தாப் போதும், உடனே மேலருந்து ஒருத்தன் குழாயத் தொறந்து விட்டுருதான், நம்ம ஊர்ல என்னைக்கு ஓய் இப்படி மழை பெஞ்சிருக்கு, போன மாசம் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டியளே, முக்கா மணி நேரம் ஒருத்தி உருளைக்கிழங்கு உரிச்சா, அதுவாவது பரவாயில்ல, சமையல் படிச்ச மாதிரி ஆச்சு. டைட்டஸ் சிரித்தான், போஸ்ட்மாஸ்டருக்கு எல்லாப் படத்துலயும் யாராவது சோறாக்கிக்கிட்டே இருக்கணும். பகவதி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தாங்கல, அந்த மனுசன் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து அழுதாரே, தொறக்கவும் முடியாம, இருக்கவும் முடியாம, பெத்த மனசு அப்படித்தான் கெடந்து தவிக்கும்.

நான் தொண்டையைச் செருமினேன், தலைவர் கடைசியில்தான் பேசவேண்டும், ஆனாலும் செருமினேன், டீச்சர், அங்கேதான் டைரக்டர் கோட்டை விட்டுட்டான், அப்படிப்பட்ட அப்பன் அழமாட்டான், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சாப்பிட்டு முடிப்பான், கை கழுவுவான், எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பான், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேல்தாழ்ப்பாளைப் போடுவான், சத்தம் வராமல். அடேயப்பா என்றார் ஆவுடையப்பன், இவிய டைரக்ட் பண்ணிருக்கணும்யா. எல்லோரும் தலையாட்டினார்கள், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மோர்சாதத்தின் கடைசிக் கவளம் வாயில் இருந்தது, என் மனைவி செண்பகம் அன்று சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தாள், தெருவில் நாய்கூட இல்லை, ஜன்னல் இடுக்கில் பார்த்தேன், எட்டு மாதத்துக்கு முன்னால் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவள், நான் பெயர் சொல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதம், அவன் ஜனங்களும் சேர்த்துக்கொள்ளவில்லையாம், மூன்று முறை தட்டினாள், அப்பா என்றாள், உள்ள வரல்லப்பா, தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போயிருதேன் என்றாள், எங்கள் வீட்டில் சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் இல்லை, போனபோதே சொல்லியிருந்தேன், இந்தப் படி உனக்கு இல்லை என்று, நான் மாறியிருந்தால் என் அப்பா படத்தின் முன்னால் எப்படி நிற்பேன், அவள் கண் நேராக ஜன்னலுக்கு வந்தது, நான் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தேன், இன்று திரையில் மட்டும் மழை பெய்திருந்தது.

ஆவுடையப்பன் இன்னும் மழையை விடவில்லை, அந்த மழைய எடுத்துட்டா காட்சியில ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி என்றார், எனக்குக் கோபம் வந்தது, மழையை விடும் ஓய், அவள் வெறுங்காலோடு நிற்பது உமக்குத் தெரியவில்லையா, வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தரை பொசுக்குகிற பொசுக்கில் காலை மாற்றி மாற்றி, அதுதானே காட்சி. டைட்டஸ் மெதுவாகச் சொன்னான், அண்ணாச்சி, அந்தப் பிள்ள கையில செருப்பு இல்லையே, ஒரு பைய நெஞ்சோட அணைச்சிருக்கும். இருந்தது என்றேன். இல்ல அண்ணாச்சி. ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார், வழக்கு, வழக்கு, பதினோரு வருசத்துக்குப் பெறகு தலைவருக்குப் பூட்டு, ஏல டைட்டஸு, ஓட்டு. ஓட்டு என்று நானும் சொன்னேன், என் வாயால், அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம், மறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை போதும், ஆனால் மறந்துவிட்டது என்று நாங்கள் சொல்வதில்லை.

விளக்கு அணைந்தது, மழை வந்தது, பெண் வந்தாள், காலில் ஷூ, நெஞ்சில் பை, கதவைத் தட்டினாள், இன்னும் முன்னாலிருந்து ஓட்டு என்றேன், மறுபடி மழை, மறுபடி ஷூ, ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டிருந்தார், இடது கையைக் காட்டு, இடது கையில் இருக்கும் என்றேன், தண்ணி கேட்பாளே, தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போயிருதேன்பாளே, அதை எங்கே, அதை ஏன் வெட்டினீர்கள் என்று கத்தினேன்போல, டைட்டஸ் படத்தை நிறுத்திவிட்டான், மழைக்கோடுகள் திரையில் அப்படியே நின்றன. இருட்டுக்குள்ளிருந்து பகவதி டீச்சர் கேட்டாள், மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறவ எதுக்கு அண்ணாச்சி தண்ணி கேப்பா.

ஆவுடையப்பனின் சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை. டீச்சர் தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள், வார் அறுந்தா ரெண்டையும் எடங்கையில எடுத்துக்கிடுவா, ஏழாப்புல நான் பிரம்போட நிப்பேன், செருப்பக் கையில வச்சுக்கிட்டு வகுப்புக்கு வருவா, ஏம்ளா கோமு, ஒண்ணையாவது போடேன்னா, ஒத்தச் செருப்பு போட்டா மத்தது கோவிச்சுக்கிடும் டீச்சர்ம்பா. பிறகு என்னைப் பார்த்து, அண்ணாச்சி, கோமு எப்ப வந்தா. வரவில்லை என்றேன், பத்தொன்பது வருஷமாக ஊருக்குச் சொல்கிற அதே குரலில், மஸ்கட்டில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், உங்களுக்குத் தெரியாதா. ஆவுடையப்பன் தலையைத் தொங்கப் போட்டிருந்தார், நாந்தான மஸ்கட் கவர் குடுத்தேன், ஸ்டாம்பு நல்லாருக்குன்னு கிழிச்சு வாங்கிக்கிட்டேன், ஒரு வருசம் வந்துச்சு, பெறகு நின்னுபோச்சு, எல்லாம் ஆம்பள கையெழுத்து அண்ணாச்சி, ஒண்ணுகூட அந்தப் பிள்ள கையெழுத்து இல்ல. ஆமாம், அவள் புருஷன்தான் எழுதினான், கோமு அங்கே வந்தாளா, கோமு அங்கே வந்தாளா என்று, ஒரே ஒரு பதில் போட்டேன், வரவில்லை என்று, செண்பகத்திடம் கவரை மட்டும் காட்டினேன், பார், சுகமாக இருக்கிறாளாம், உனக்கு எழுதக் கூடாது என்று நான்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன், கவரின் ஸ்டாம்பு கிழிந்த இடத்தைச் செண்பகம் விரலால் தடவுவாள்.

அவன் கடிதங்களுக்கெல்லாம் முன்னால் ஏட்டு வந்தார், அவள் வாசலில் நின்றதற்கு மறுநாள் காலை, மஞ்சள் பையோடு, நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினார், தண்டவாளத்துல ஒரு பொண்ணு ஐயா, இந்தத் தெருவுலருந்து நடந்து வந்துச்சுன்னு டீக்கடைக்காரன் சொல்லுதான், முகம் சரியில்ல, இது உங்க வீட்டுதான்னு பாருங்க என்று பையைத் திறந்தார், பழுப்பு நிறம், ஒன்றின் வார் அறுந்தது, எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், எங்க வீட்டுது இல்ல என்றேன், எங்க பிள்ள மஸ்கட்ல இருக்கு என்றேன், அதுதான் முதல்முறை, வாயில் தானாக வந்தது, ஏட்டு ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைச் சுருட்டினார், யாரும் கேட்டு வராத பிணங்களோடு அவளையும் புதைத்தார்கள், அந்த இடத்தில் இப்போது வேலிக்கருவை நிற்கிறது, கனவில் அவள் கல்யாண மண்டபத்து மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் பார்ப்பாள், வட்டமாகத் திருப்பும்போது அந்த நாற்காலி மட்டும் திரும்பாது.

கூட்டம் முடிந்தது என்று சொல்லி எழுந்தேன், யாரும் எழவில்லை, பகவதி டீச்சரின் நாற்காலி காலியாக இருந்தது, படியில் அவள் போனில் பேசிக்கொண்டே இறங்கும் சத்தம், செண்பகம், செண்பகம், நீ உக்காந்துக்கிட்டுக் கேளு. மாடியில் சாப்பாட்டு மண்டபம் என்பதால் செருப்பைக் கீழேதான் விடுவோம், என்னுடையதை எடுத்தேன், மாட்டினேனா தெரியவில்லை, முதுகை நிமிர்த்தி நடந்தேன், கத்திரி வெயில் தெருவை வெள்ளையாக்கியிருந்தது, வழியில் இரண்டு பேர் வணக்கம் வைத்தார்கள், பதில் வணக்கம் வைத்தேன், எங்கள் வீட்டுப் படியேறும்போது உள்ளே மேல்தாழ்ப்பாள் விழுந்தது, சத்தத்தோடு, தெருவுக்கே கேட்கும்படி.

தட்டினேன். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது, அதை முதலில் பார்த்தேன், வாசலில் மூன்று பேர், பக்கத்து வீட்டிலும் தலை தெரிகிறது, மறுபடி தட்டினேன், ஜன்னல் இடுக்குக்குப் பின்னால் செண்பகத்தின் குரல், நாற்பத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை, அழுகையே இல்லாத குரல், எம்பிள்ள வந்து நின்னு என்ன கேட்டா, அத மட்டும் சொல்லுங்க. ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், வரவில்லை என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம், அத்தனை பேர் பார்க்கிறார்கள், என் அப்பாவின் வாசல் இது, உள்ளங்கால் தீயாக எரிகிறது, குனிந்து பார்க்கிறேன், செருப்பு இரண்டும் என் இடது கையில் இருக்கின்றன, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அதைப் பிய்த்து எடுத்தால் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான், தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போயிருதேன் என்கிறேன், தெருவே கேட்கச் சொல்கிறேன், உள்ளே குடத்திலிருந்து செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கிறது, பிறகு செம்பைத் தரையில் வைக்கிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை, நான் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறேன், தாழ்ப்பாள் அசையவில்லை.