புதன்கிழமைத் தாள்

முதல் போத்தல் வெடித்தபோது சக்தி கைபேசியில் தங்கைக்குப் பேசித் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். "இங்க எல்லாம் நல்லபடியா போகுது அனு, வேலை பாஸை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக் குடுத்துட்டாங்க." அவன் சொல்லச் சொல்ல எழுத்துகள் திரையில் வந்து விழுந்தன. சமையலறையில் இரும்புக் கதவை யாரோ எட்டி உதைத்ததுபோல் ஒரு சத்தம். பின்னாலேயே ராஜீவின் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தான். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியின் கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. ராஜீவ் தரையில் உட்கார்ந்திருந்தான். இடது புருவம் பிளந்து, ரத்தம் மூக்கோரமாக வழிந்து பனியனில் சொட்டியது. சுவரெல்லாம் பீர் நுரை. பழுப்புக் கண்ணாடிச் சில்லொன்று காலண்டர் அட்டையில் குத்திட்டு நின்றது. விரற்கடை தள்ளியிருந்தால் கண் போயிருக்கும்.

"சீனி எவ்வளவு போட்ட?" என்றான் சக்தி. காயத்தைக் கேட்கத் தோன்றவில்லை. பயம் வந்துவிட்டால், தப்பு யார்மேல் என்பதைத்தான் அவன் மனம் முதலில் தேடும்.

"பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன். எப்பவும் போடறதுதானே?"

"நான்தான் அன்னிக்குக் காலைலயே சீனியக் காய்ச்சி பக்கெட்ல ஊத்திட்டேனேடா! எழுதியும் வெச்சேன்!"

"எங்க எழுதுன? வானத்துலயா?"

சக்திக்குச் சாங்கி சரக்கு முனையத்தில் பகல் ஷிப்ட். முதல் ரயிலைப் பிடிக்க நாலரைக்கே எழுந்துவிடுவான். ராஜீவுக்குத் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஏர்கான் வேலை, இரவு ஷிப்ட். காலை எட்டுக்குத்தான் திரும்புவான். தேக்கா சந்தைக்கு எதிர் அடுக்குமாடி புளோக்கில் ஒரே அறையில், ஒரே கட்டிலில் முறைவைத்துப் படுத்தார்கள். இன்றுபோல ஞாயிறு பகலில்தான் முகம் பார்ப்பார்கள். பீர் வடிப்பது மற்ற நாட்களின் இடுக்குகளில் நடந்தது. மால்ட்டைக் கரைப்பது ஒருவன், ஈஸ்ட் தூவுவது இன்னொருவன். கடைசியில் போடும் சீனி மட்டும் இருமுறை விழுந்துவிடக் கூடாது; வாயு மிஞ்சிப் போத்தல் வெடிக்கும். யார் எதைச் செய்தாலும் சமையலறைக் காலண்டரின் அன்றைய தாளில் எழுதிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வீட்டுக்கார ஆன்ட்டி கமலாம்பிகை தினமும் காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்து முந்தைய நாள் தாளைக் கிழிப்பார். அதன் பின்பக்கம் சந்தைப் பட்டியல் எழுத ஆகுமென்று குளிர்பெட்டியில் கிளிப் போட்டுச் சேர்த்துவைப்பார்.

ராஜீவ் எழுந்து அந்தக் கிளிப்பைப் பிடுங்கினான். ரத்த விரலால் ஒவ்வொரு தாளாகத் தள்ளி, பத்து நாளைக்கு முந்தைய வியாழனை எடுத்து சக்தியின் மூக்குக்கு நேரே நீட்டினான். வெறும் தாள்.

"படி லா. சத்தமா படி."

"பொய்யி!" சக்தியின் கை முந்திக்கொண்டது. குத்து கிழிந்த புருவத்தின் மேலேயே விழுந்தது. ஈரத்தில் விரல்முட்டி வழுக்கியது.

அடுத்த நொடி ராஜீவின் விரல்கள் அவன் தொண்டையில் இருந்தன. பின்மண்டை குளிர்பெட்டியில் மோதியது. ஒருமுறை. இன்னொருமுறை. "என் கண்ணு போயிருக்கும்டா நாயே, கண்ணு!" கிளிப் தெறித்துத் தாள்கள் தரையெங்கும் சிதறின. அலமாரிக்குள் இரண்டாவது போத்தல் வெடித்தது. இருவரும் குனிந்தார்கள், பிடி தளர்ந்தது. சக்தி அலமாரிக்குள் கைவிட்டு, அகப்பட்ட போத்தலைக் கழுத்தோடு பிடித்துத் தலைக்கு மேல் ஓங்கினான்.

அப்போதுதான் பார்த்தான். அவன் கால்மாட்டில், நுரையில் நனைந்து, ஒரு தாள். புதன்கிழமை. அதன் குறுக்கே அவனுடைய கோணல் எழுத்தில்: சீனி போட்டாச்சு.

வியாழன் விடிகாலை நாலே முக்காலுக்கு எழுதியது. காலண்டரில் அப்போது புதன்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி ஆறு மணிக்குக் கிழித்தார். எட்டு மணிக்கு வந்து போத்தலில் அடைத்த ராஜீவின் எதிரே வியாழன் வெறுமையாக இருந்தது. நாள் மாறிய தாளில் எழுதியவன் சக்திதான்.

வாசல் கேட் திறந்தது. சந்தைப் பையோடு வந்த கமலாம்பிகை சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். சுவர், ரத்தம், ஓங்கிய கை என்று அவர் கண் ஒவ்வொன்றாகப் போனது.

"உந்தப் போத்தலைக் கீழ வை, தம்பி."

சக்தியின் வலது கால் தானாக நகர்ந்து தாளை மூடியது. உள்ளங்காலில் சில்லு ஏறியது. அசையவில்லை.

"ஆர் முதல்ல கை நீட்டினது? சொல்லுங்கோ. அவர் இண்டைக்கே சாமானைக் கட்டவேணும். சொல்லாட்டி நான் பொலிஸைக் கூப்பிடுவன்." கைபேசியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்.

போலீஸ் என்றால் பாஸ் ரத்து. பாஸ் ரத்தானால் ஊருக்கு விமானம். கூடத்தில் அவன் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. தட்டச்சு ஆவதாகக் காட்டிவிட்டு வராமலே நின்றுபோன சேதிக்காக அனு அழைக்கிறாளாக இருக்கும்.

ராஜீவ் ஆன்ட்டியைப் பார்க்கவே இல்லை. அவன் கண் போத்தலில் இருந்தது. "ஆன்ட்டி, பின்னால போங்க. அதெல்லாம் அப்புறம். அவன் கைல இருக்கறதும் வெடிக்கும்."

கொடியிலிருந்த துண்டை உருவி, குழாயில் நனைத்துக்கொண்டு நெருங்கினான். சக்தியின் கையை மெல்ல இறக்கி, போத்தலையும் அதைப் பிடித்த விரல்களையும் சேர்த்துச் சுற்றினான். சற்றுமுன் தொண்டையை நெரித்த கைகள்தான். புருவத்து ரத்தம் துண்டில் சொட்டியது.

"மூஞ்சியத் திருப்பிக்க. விரலை விடாத. நான் தொறக்கறேன்."

"ராஜீவு..."

"வாய மூடு மச்சான். ஆடாம நில்லு."

மூடி டப்பென்று பறந்து கூரையில் அடித்தது. துண்டைப் பிய்த்துக்கொண்டு நுரை சீறியது. இருவர் முழங்கை வழியாகவும் வழிந்து, ரத்தத்தோடு சேர்ந்து இளஞ்சிவப்பாகத் தரையில் இறங்கி, சக்தியின் பாதத்தைச் சுற்றிக்கொண்டது. சரிந்திருந்த தரையில் அது வாசல் பக்கமாகவே ஓடியது.

அலமாரிக்குள் இன்னும் இருபத்தைந்து போத்தல்கள் இருந்தன. சக்தி கால்விரல்களைத் தூக்கினான். பிறகு குதிகாலையும். நுரை உள்ளே புகுந்து தாளை எடுத்துக்கொண்டது. அது ஒருமுறை சுழன்று, எழுத்துப் பக்கம் மேலாக, கமலாம்பிகையின் செருப்பை நோக்கி மெல்லப் போனது.