வெட்டப்பட்ட கேள்வி

மல்லசமுத்திரம் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இனியா மைக்கை நீட்டியதும் பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அட போ சாமி, நானெல்லாம் டிவியில என்னத்தப் பேசறது?”

“பெரிசா ஒண்ணுமில்லீங்க்கா. புதுப்படம் பாத்தீங்களா? ஹீரோ எப்படிப் பண்றாரு?”

பாவாயி சிரித்துவிட்டாள். “அவருக்கென்ன, ராசாவாட்டம் பண்றாரு. ஒரு கொறை சொல்ல முடியாது.”

முதலில் சினிமா, பிறகு அரசியல். கூச்சப்படுகிறவர்களைப் பேசவைக்க அந்த உள்ளூர்த் தொலைக்காட்சி வைத்திருந்த வழி அது. சேலத்துக் கல்லூரியில் இதழியல் படிக்கும் இனியாவுக்கு அங்கே பயிற்சி. வழியைச் சொல்லிக் கொடுத்தவர் செய்தி ஆசிரியர் தனபால்.

அடுத்துத் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பற்றிக் கேட்டாள். பாவாயியின் சிரிப்பு நின்றது. “குடிதண்ணி இருவது நாளைக்கு ஒருக்கா வருது. ஓட்டு வாங்கிட்டுப் போனவரு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இதையும் போடு கண்ணு.” எப்போது ஒளிபரப்புவார்கள் என்று கேட்க இனியாவின் எண்ணையும் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை ஒளிபரப்பானது. ‘உங்கள் எம்.எல்.ஏ. எப்படி?’ என்றது அறிவிப்பாளர் குரல். திரையில் பாவாயி சிரித்தாள். “ராசாவாட்டம் பண்றாரு. ஒரு கொறை சொல்ல முடியாது.”

மறுநாள் காலையில் பாவாயி அழைத்தாள்.

“கொழாயடியில ஒருத்தி கேக்கறா, ராசா உங்கூட்டுக்கே தண்ணி கொண்டாந்து ஊத்துவாரே, நீ எதுக்குக் கொடத்தத் தூக்கிட்டு வாரேன்னு. ஏஞ்சாமி, நாஞ் சொன்னதா அது?”

பாவாயி அழைப்பைத் துண்டிக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

அன்றே கல்லூரி நடைவழியிலிருந்த சுவரிதழில் இனியாவின் கட்டுரை ஏறியது. நடந்ததை அப்படியே எழுதியிருந்தாள், மைக்கைப் பிடித்தது தன் கைதான் என்பது உட்பட. துறைத்தலைவர் கையெழுத்திட்ட பிறகே எதையும் சுவரில் ஒட்டலாம் என்பது அங்கே விதி. இனியா கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை.

மதியம் துறைத்தலைவர் நவநீதகிருஷ்ணன் கூப்பிட்டனுப்பினார்.

“எடுத்துரும்மா. தனபாலுக்கு விசயம் போயிருச்சு, எடுக்கலைன்னா பயிற்சிச் சான்றிதழ் தர மாட்டேங்கறார். அது இல்லாம உனக்குப் பட்டம் கிடைக்காது. போன மாசம் இதே சுவரிதழ்ல ஒரு நடிகரைக் கிழிகிழின்னு கிழிச்சீங்க. நான் ஏதாவது சொன்னனா?”

“அவரைத் திட்டுனா இந்தக் காலேஜ்ல யாருக்கும் வலிக்காதுங்க சார்.”

“எல்லாச் சேனல்லயும் நடக்கறதுதான். நாளைக்கு நீயும் இதைத்தான் பண்ணுவ.”

“அப்புறம் எதுக்குங்க சார் மூணு வருசமாப் பாடம் எடுத்தீங்க?”

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசி அடித்தது. தனபால். அவர் அதை ஒலிபெருக்கியில் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

“எடுத்தாச்சுங்களா சார்?”

“எடுக்கலீங்க. இனியா பேசறேன். அந்தக்கா பேசுனதை முழுசாப் போடுங்க, நானே எடுத்தர்றேன்.”

“சர்ட்டிபிகேட் வேண்டாமா உனக்கு? ஒரு தக்காளிக்காரிக்காகவா இத்தனை?”

“ஆமாங்க. கேள்விய வெட்டிப்போட்டுப் பதில மட்டும் காட்டறதுக்குப் பேரு செய்தி இல்லீங்க, திருட்டு. தண்ணி வரலைன்னு சொல்ல அவங்களுக்கு இருக்கறது அந்த வாய் ஒண்ணுதான். அதையும் புடுங்கி அதிகாரத்துல இருக்கறவங்களுக்குக் குடுக்கறதுக்கு மைக் எதுக்குங்க?”

தனபால் இணைப்பைத் துண்டித்தார்.

“சான்றிதழ் வராதும்மா” என்றார் நவநீதகிருஷ்ணன்.

“தெரியுங்க சார்.”

அவர் எழுந்து நடைவழிக்குப் போனார். அங்கே நின்று படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் விலகி வழிவிட்டார்கள். கட்டுரையை அவர் கிழிக்கப்போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இனியாவின் பெயருக்குக் கீழே கையெழுத்திட்டார்.