இனிமே குத்தக் கூடாது

ஆடி மாதக் காய்ச்சலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அது முதலில் தெரிந்தது. பத்து வயது தேவிப்ரியாவுக்கு சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தார்கள். நூற்றி ஆறு. மூன்று மாதச் சராசரியும் எல்லையில்தான் நின்றது.

"இது சர்க்கரை நோய் இல்லை," என்றார் குழந்தைகள் டாக்டரம்மா. "மாத்திரை வேண்டாம். கூல்ட்ரிங்ஸ், பாக்கெட் தீனியை நிறுத்துங்க. நல்லா ஓடியாடி விளையாடட்டும். அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, தாகம் அடங்காம இருக்கிறது, உடம்பு இளைக்கிறது, இதுல எது தெரிஞ்சாலும் உடனே வாங்க. இல்லைன்னா மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

அம்மா நிர்மலா இதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். அப்பா பச்சமுத்துவின் காதில் 'சர்க்கரை' மட்டும்தான் விழுந்தது. அவன் அண்ணன் சடையனுக்கு முதலில் கால்விரலை எடுத்தார்கள், பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். கடைசி ஒரு வருடம் அண்ணனைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனவன் பச்சமுத்துதான்.

மறுநாளே தியாகதுருகம் மெடிக்கலில் சுகர் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி வந்தான். காலையில் விரல் நுனியில் ஒரு குத்து. பள்ளி விட்டு வந்ததும் ஒன்று. சாப்பிட்ட பிறகு ஒன்று. தொண்ணூற்றெட்டு வந்தால் சிரிப்பான். நூற்றி நாலு வந்தால் அன்றைக்குக் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பள்ளிக்குப் போய், ஓட்டப்பந்தயத்திலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தான். வகுப்பில் பிள்ளைகள் அவளை 'சுகர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலை அவன் ஊசியோடு வந்தபோது, தேவிப்ரியா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கைய காட்டும்மா."

"மாட்டேன்."

"சின்னக் குத்துதான்."

"பென்சில் புடிச்சா வலிக்குதுப்பா. எனுக்கு நோயி இல்லன்னு டாக்டர் சொன்னாங்க. நீதான் இருக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கற."

பச்சமுத்து அவள் தோளைப் பிடித்தான். அடுப்படியிலிருந்து எழுந்து வந்த நிர்மலா நடுவில் நின்றாள்.

"விடுங்க அவள."

"நீ சும்மா இரு. இன்னா தெரியும் ஒனுக்கு? எங்கண்ணன் கத தெரியாதா?"

"தெரியும். புண்ணு தொடச்சவ நானு. அவருக்கு வந்தது நோயி. இவளுக்கு நோயி இல்ல. இனிமே இந்த வூட்ல இவள யாரும் குத்தக் கூடாது."

மிஷினை அவன் கையிலிருந்து வாங்கி, டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று களை வெட்டும் வேலைக்குப் போகவில்லை. மகளோடு நேரே பள்ளிக்கு நடந்தாள்.

"டீச்சர், பந்தயத்துல இவ பேர சேத்துக்குங்க," என்றாள்.

மணிமொழி டீச்சர் தயங்கினார். "அவங்கப்பா வேணாம்னாரே. ஏதாவது ஆயிட்டா?"

"ஓடச் சொன்னதே டாக்டருங்க. நான் எழுதிக் குடுக்கறேன். அப்புறம் இன்னொண்ணு டீச்சர். இந்தப் புள்ளைக்குப் பேரு தேவிப்ரியா. அத வச்சிக் கூப்பிடச் சொல்லுங்க."

டீச்சர் வகுப்புக்குள் போய் அதைச் சத்தமாகவே சொன்னார்.

பச்சமுத்து அன்று இரவு சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் மைதானத்துக்கு வந்துவிட்டான். கம்பிவேலிக்கு வெளியே நின்றான். தேவிப்ரியா நாலாவதாக வந்தாள். வந்ததும் குழாயடிக்கு ஓடி மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்தாள்.

"பாத்தியா, எம்மாந் தாகம்!" என்று பக்கத்தில் நின்ற நிர்மலாவிடம் பதறினான்.

"ஓடுனவ தண்ணி குடிக்க மாட்டாளா? கூட வந்த புள்ளைங்களப் பாருங்க." குழாயைச் சுற்றிப் பிள்ளைகள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தான்.

மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெறும் வயிற்றில் நூற்றி மூன்று வந்தது. சராசரி முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"பெருசா ஒண்ணும் கொறையலீங்களே டாக்டர்," என்றான் பச்சமுத்து.

"கூடவும் இல்லையே. எடை சரியா இருக்கு. இப்படியே விளையாடட்டும். மூணு மாசம் கழிச்சு வாங்க." டாக்டரம்மா தேவிப்ரியாவின் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "ஆறிப்போச்சு. வீட்டுல தினம் குத்த வேண்டியதில்லை, புரியுதா?"

அவன் தலையாட்டினான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மெதுவாகக் கேட்டான். "ஒனுக்குப் பயமே இல்லியா, நிர்மலா?"

"இருக்குது. ராத்திரில அவ ஒண்ணுக்கு எழுந்தா நானும் முழிச்சிக்கறேன். எம் பயத்துக்கு அவள இன்னாத்துக்குக் குத்தணும்?"

தியாகதுருகம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "அம்மா, ஓடியா!" என்று கத்திக்கொண்டே தேவிப்ரியா முன்னால் ஓடினாள். பச்சமுத்து "பாத்து, பாத்து" என்று வாயெடுத்தவன், சொல்லாமல் அவள் பின்னாலேயே ஓடினான்.